கீரை, மார்மைட், மெத்தோட்ரெக்சேட்: ஒரு முடக்குவாத மருந்தின் மெட்ராஸ் வழி

முடக்குவாதத்துக்கு மருந்து சாப்பிடுகிற யாருடைய மருந்துச் சீட்டையாவது வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மாத்திரைகள் ஜோடியாக இருக்கும். ஒன்று மெத்தோட்ரெக்சேட், வாரத்தில் ஒரே ஒரு நாள். இன்னொன்று ஃபோலிக் ஆசிட், மற்ற நாட்களில். முதல் மாத்திரையின் வேலை, ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமினை உடம்பு பயன்படுத்த விடாமல் தடுப்பது. இரண்டாவது மாத்திரை அதே வைட்டமின்தான். ஒரு கையால பூட்டிட்டு இன்னொரு கையால திறக்கிற மாதிரி இருக்கே, இது என்ன லாஜிக்?

கோட் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இப்படி ஒன்றைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஒரு வரி ஒரு விஷயத்தை ஆஃப் செய்து, அடுத்த வரி அதையே ஆன் செய்தால், நடுவில் ஏதோ ஒரு வரலாறு இருக்கிறது என்று அர்த்தம். அந்த வரலாற்றைத் தேடிப் போனபோது பாஸ்டன், நியூயார்க் என்றுதான் போகும் என்று நினைத்தேன். போனது உண்மைதான். ஆனால் கதையின் இரண்டு முனைகளும் திருவல்லிக்கேணியில், ஒன்றுக்கொன்று நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன.

முதல் முனை: கோஷா ஆஸ்பத்திரி.

1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய் வந்தார். அப்போது அவருக்கு வயது 40. பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலை செய்த பெண்கள் பலர் கர்ப்ப காலத்தில் கடுமையான ரத்தசோகை வந்து இறந்துகொண்டிருந்தார்கள். வழக்கமான ரத்தசோகையில் சிவப்பணு சிறுத்துப் போகும். இவர்களுக்கோ பெருத்துப் போயிருந்தது. இந்திய மருத்துவப் பணியில் இருந்த மார்கரெட் பால்ஃபோர் கேட்டுக்கொண்டதன் பேரில், இதை ஆராயத்தான் வில்ஸ் வந்தார். ஹாஃப்கின் நிறுவனத்தில் இடம், லேடி டாட்டா அறக்கட்டளையின் பணம்.

முதலில் கிருமியைத் தேடினார். கிடைக்கவில்லை. பிறகு அடுப்படிக்குப் போனார். யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பட்டியல் எடுத்தபோது விஷயம் பிடிபட ஆரம்பித்தது. பழம், காய்கறி, பால் அதிகம் சேராத ஏழை வீடுகளில்தான் நோய் அதிகம். அந்தப் பெண்கள் சாப்பிட்ட அதே மாதிரி உணவை எலிகளுக்குக் கொடுத்தார். எலிகளுக்கும் ரத்தசோகை வந்தது. ஈஸ்ட் கொடுத்தால் வரவில்லை. அடடா, கண்டுபிடிச்சாச்சு என்று தோன்றும். ஆனால் அந்த எலிகளின் ரத்தசோகைக்குக் காரணம் பேன் வழியாகத் தொற்றிய பார்ட்டொனெல்லா என்ற கிருமி என்று பிறகு தெரியவந்தது. எங்கள் தொழிலில் டெஸ்ட் பாஸ் ஆகிவிடும், ஆனால் வேறு காரணத்தால் பாஸ் ஆகியிருக்கும், அந்த வகை. வில்ஸ் விடவில்லை. குரங்குகளுக்கு மாறினார். குரங்குகளில் எதைக் கொடுத்துப் பார்த்தார் என்பதில்தான் சுவாரசியம்: மார்மைட். பீர் காய்ச்சிய பிறகு அடியில் மிஞ்சுகிற ஈஸ்டிலிருந்து எடுக்கும் கருப்புப் பசை. வெள்ளைக்காரர்கள் ரொட்டியில் தடவிச் சாப்பிடுவது. மலிவானது. பிறகு நோயாளிப் பெண்களுக்கும் அதையே கொடுத்தார். குணமானார்கள்.

இதற்கிடையில் 1929-ல் அவர் வேலை குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்கு மாறியது. அங்கே ராபர்ட் மெக்கரிசன் சத்துணவு ஆராய்ச்சிக்குத் தலைவர். இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் சாப்பிடும் உணவை எலிக்கூட்டங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, எந்த எலி நன்றாக வளர்கிறது என்று பார்த்தவர் அவர். பஞ்சாபிக் கோதுமை, பால், காய்கறி சாப்பிட்ட எலி முதலிடம். பாலிஷ் போட்ட அரிசி சாப்பிட்ட மெட்ராஸ் எலி கடைசி வரிசையில். (இந்தச் சோதனையைச் சொன்னால் எங்கள் வீட்டில் இன்றும் சண்டை வரும்.) அந்தக் குன்னூர்ப் பிரிவுதான் 1958-ல் ஹைதராபாத் போய், இன்றைக்கு தேசிய சத்துணவு நிறுவனமாக இருக்கிறது.

1931 தொடக்கத்தில் வில்ஸ் மெட்ராஸ் வந்து வேலை பார்த்த இடம் 'காஸ்ட் அண்ட் கோஷா' மருத்துவமனை. ஆண் மருத்துவர்களிடம் போக முடியாத பெண்களுக்காக 1885-ல் தொடங்கப்பட்டது. இன்று கஸ்தூர்பா காந்தி அரசு மகளிர் மருத்துவமனை என்று பெயர்ப்பலகை இருந்தாலும், ஆட்டோக்காரரிடம் கோஷா ஆஸ்பத்திரி என்றால்தான் சட்டென்று புரியும். ஈஸ்ட் சாறு கொடுத்தால் இந்த ரத்தசோகை தீர்கிறது என்ற வில்ஸின் கட்டுரை அதே 1931-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஈஸ்டில் இருந்த அந்தப் பெயர் தெரியாத பொருளுக்கு 'வில்ஸ் காரணி' என்று பெயராயிற்று.

பத்து வருடம் கழித்து டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் மூவரும் 4 டன் பசலைக்கீரையை அரைத்துப் பிழிந்து துளியூண்டு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். கட்டுக்கு 200 கிராம் என்று வைத்தால் சுமார் 18,000 கட்டுக் கீரை. இலைக்கு லத்தீனில் ஃபோலியம். அதனால் ஃபோலிக் ஆசிட். மார்மைட்டில் இருந்ததும் கீரையில் இருந்ததும் ஒரே குடும்பம்.

இரண்டாவது முனை, கோஷா ஆஸ்பத்திரியிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஹிந்து உயர்நிலைப் பள்ளி.

எல்லப்பிரகட சுப்பாராவ் 1895-ல் அன்றைய மெட்ராஸ் ராஜதானியின் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிக்குலேஷனில் இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை திருவல்லிக்கேணி ஹிந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். பிரசிடென்சி கல்லூரி, பிறகு மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி. காந்தி சொன்னார் என்று கதர்ச் சட்டையில் அறுவைசிகிச்சை வகுப்புக்குப் போனதில் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்குக் கோபம். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, ஒரு படி கீழே எல்.எம்.எஸ். கொடுத்து அனுப்பினார்கள்.

அவரது சகோதரர்கள் இருவர் அடுத்தடுத்து ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் இறந்தார்கள். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் வயிற்றோடு போகிற நோய். அவருக்கும் வந்தது. அவரைக் காப்பாற்றியது மெட்ராஸ் ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் வைத்தியம் என்று சுப்பாராவின் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியிலேயே சுப்பாராவ் பாடமும் நடத்தினார். (எழும்பூரில் மார்ஷல்ஸ் ரோடு இன்று ருக்மிணி லட்சுமிபதி சாலை. ருக்மிணி, இந்த லட்சுமிபதியின் மனைவி. வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தில் சிறை போனவர்.) ஸ்ப்ரூ வந்தவர்களுக்கு ஃபோலிக் ஆசிட் பெரிய அளவில் கைகொடுக்கும் என்பது 1940-களின் நடுவில் தெரியவந்தது. அதைச் செயற்கையாகத் தயாரித்துக் கொடுத்தது சுப்பாராவின் குழு. சகோதரர்களைக் கொண்டுபோன நோய்க்கான மருந்து கால் நூற்றாண்டு கழித்து அவர் மேஜையிலிருந்தே வந்தது.

அதற்கு முந்தைய பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1923-ல் பாஸ்டன். பிழைப்புக்கு மருத்துவமனையில் இரவு வேலை. ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் ரத்தத்தில் பாஸ்பரஸ் அளக்கும் முறை, 1925-ல். உயிர்வேதியியல் படித்த எல்லோருக்கும் ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்றால் தெரியும். 1929-ல், தசைக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு, ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே வருடம் தனியாகக் கண்டுபிடித்தார். ஏ.டி.பி.யை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்காமல் 1940-ல் நியூயார்க் அருகே பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார். அங்கே அவர் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர். ஃபோலிக் ஆசிடைச் செயற்கையாக உருவாக்கிய 1945-ம் ஆண்டுக் கட்டுரையில் 16 பேர் பெயர் இருக்கிறது. அதில் ஒருவராக இவர். அதே லெடர்லி ஆய்வகம் கொடுத்த இன்னொரு பொருள் யானைக்கால் நோய்க்கான ஹெட்ராசான். வீடு வீடாக வந்து கொடுத்த ஃபைலேரியா மாத்திரை விழுங்கினவர்கள் இதைப் படிக்கிறவர்களில் நிச்சயம் இருப்பீர்கள், அதுதான் இது.

இப்போது திருப்பம். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற குழந்தை நோயியல் மருத்துவர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் ஆசிட் வகைப் பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். நோய் வேகமாக வளர்வதாக அவருக்குப் பட்டது. சத்து புற்றுக்கும் தீனி போடுகிறது. அப்படியானால் அந்தச் சத்தைத் தடுத்தால்? சுப்பாராவின் குழு ஃபோலிக் ஆசிட் மாதிரியே இருக்கும், ஆனால் ஓரிடத்தில் மட்டும் மாறிய மூலக்கூறுகளைத் தயாரித்து அனுப்பியது. பூட்டுக்குள் போகும், திரும்பாது, வெளியேயும் வராது: அந்த மாதிரி டூப்ளிகேட் சாவி. முதலில் அமினோப்டெரின், பிறகு அதிலும் சிறு மாற்றம் செய்த மெத்தோட்ரெக்சேட். 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில் 16 குழந்தைகளில் 10 பேருக்குத் தற்காலிகமாக நோய் தணிந்திருந்தது. புற்றுநோய் மருந்துச் சிகிச்சையின் தொடக்கம் என்று அதைச் சொல்கிறார்கள். அந்த ஆகஸ்டிலேயே சுப்பாராவ் 53 வயதில் தூக்கத்தில் இறந்துபோனார்.

மூட்டுக்கு எப்படி வந்தது? 1951-ல் ரிச்சர்ட் குப்னர் என்ற அமெரிக்க மருத்துவர், அமினோப்டெரினை முடக்குவாத நோயாளிகளுக்குக் கொடுத்து வீக்கம் குறைவதைப் பதிவு செய்தார். செதில்படை என்கிற சொரியாசிஸும் குறைந்தது. ஆனால் அவர் பேசியதைக் கேட்க ஆள் இல்லை. காரணம் கார்ட்டிசோன். 1948 செப்டம்பரில் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், படுத்த படுக்கையாக இருந்த முடக்குவாதப் பெண் ஒருவருக்கு அந்த ஊசியைப் போட, சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-ல் நோபல் பரிசே கொடுத்தாயிற்று. அந்த வெளிச்சத்தில் குப்னர் யார் கண்ணுக்குத் தெரிவார்? கார்ட்டிசோனை நீண்ட நாள் கொடுத்தால் எலும்பு உளுத்துப்போகும், முகம் வீங்கும், சர்க்கரை ஏறும் என்று உலகம் புரிந்துகொள்ளச் சில வருடங்கள் ஆயின. சில ஊர்களில் சில மருத்துவர்கள் மட்டும் அமைதியாக மெத்தோட்ரெக்சேட்டைச் சிறு அளவில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1985-ல் மைக்கேல் வைன்ப்ளாட் குழு 35 நோயாளிகளை வைத்து, யார் மருந்து சாப்பிடுகிறார், யார் வெற்று மாத்திரை சாப்பிடுகிறார் என்று இரு தரப்புக்கும் தெரியாமல் 24 வாரச் சோதனை நடத்தி வெளியிட்டது. 1988-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் முடக்குவாதத்துக்கு அனுமதி கொடுத்தது. குப்னரிலிருந்து 37 வருடம். அந்த 37 வருடத்தில் எத்தனை பேர் விரல்கள் கோணிப்போயிருக்கும் என்பதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, ஆரம்பக் கேள்விக்கு வருவோம். தடுப்பதும் கொடுப்பதும் எப்படி ஒரே சீட்டில்?

புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவும் மூட்டுக்குக் கொடுக்கும் அளவும் வேறு. புற்றுக்குச் சில முறைகளில் ஆயிரக்கணக்கான மில்லிகிராம். முடக்குவாதத்துக்கு வாரம் 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை. இந்தச் சிறு அளவில் மருந்தின் முக்கிய வேலை செல்லைப் பட்டினி போடுவது இல்லை என்று ஆய்வுகள் காட்டின. நியூயார்க்கின் புரூஸ் கிரான்ஸ்டைன் குழு கண்டுபிடித்தபடி, மெத்தோட்ரெக்சேட் செல்லுக்குள் ஒரு வேதி வரிசையை இடைமறிக்கிறது. அதனால் செல்லுக்கு வெளியே அடினோசின் என்ற பொருள் கூடுகிறது. அது அழற்சியைத் தணிக்கிறது. அடினோசின் வேறு யாருமில்லை, ஏ.டி.பி.யில் இருக்கும் அந்த 'ஏ'. 1929-ல் கண்டுபிடித்த மூலக்கூறின் ஒரு துண்டு வழியாகத்தான் தன் இன்னொரு மருந்து வேலை செய்யும் என்று சுப்பாராவுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

வாய்ப்புண், குமட்டல், கல்லீரல் நொதிகள் ஏறுவது போன்ற பக்கவிளைவுகளில் பெரும்பங்கு ஃபோலிக் ஆசிட் தட்டுப்பாட்டால் வருபவை. அதனால் வைட்டமினைத் திருப்பிக் கொடுத்தால் பக்கவிளைவு குறையும், மூட்டுக்குக் கிடைக்கும் பலன் குறையாது. அலபாமா பல்கலைக்கழகத்தின் சாரா மார்கன் குழு 79 நோயாளிகளை வைத்து 1994-ல் காட்டியது இதைத்தான். பூட்டும் திறப்பும் வேறு வேறு கதவுகளில் நடக்கிறது. அவ்வளவுதான் லாஜிக்.

ஒரு கதவு மட்டும் விதிவிலக்கு. வில்ஸ் அந்த வைட்டமினைத் தேடியதே கர்ப்பிணிகளுக்காக. 1970-லிருந்து நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துக் கொடுப்பதும் அதுதான். அதைத் தடுக்கும் மெத்தோட்ரெக்சேட் கருவைச் சிதைக்கும், குழந்தைக்குப் பிறவிக்குறை உண்டாக்கும். குழந்தைப்பேற்றுத் திட்டம் இருக்கும் பெண்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது இதனால்தான். முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருவது, அதுவும் பலருக்கு 30 வயதிலேயே தொடங்கிவிடுவது இந்த எச்சரிக்கையைக் கனமாக்குகிறது.

இதையெல்லாம் நான் நோண்ட ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் மண்ணூர்பேட்டையில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அக்கா. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் டெய்லர். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் விரல் மடங்காது, ஷிப்ட் எட்டரைக்கு. மெத்தோட்ரெக்சேட் ஆரம்பித்து நான்கு மாதத்தில் நன்றாகத்தான் இருந்தார். அப்போது யாரோ வாட்ஸ்அப்பில், 'இது கேன்சர் மருந்து, உடனே நிறுத்துங்கள், ஆன்டிஆக்சிடன்ட் எடுங்கள்' என்று ஒரு வீடியோ அனுப்பினார்கள். கூடவே மாதம் 3,800 ரூபாய்க்கு ஒரு பவுடர் டப்பா. "தம்பி, இயற்கையானதுன்னு சொல்றாங்களே, அதுல என்னப்பா தப்பு?" என்று கேட்டார். மூன்றாவது மாதம் மணிக்கட்டு வீங்கி வேலைக்குப் போக முடியவில்லை. பம்பாய் ஆலைப் பெண்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இவர் முகம்தான் வந்தது.

கேன்சர் மருந்து என்பது பொய்யில்லை. மேலே சொன்ன வரலாற்றின் பாதி அது. மீதிப் பாதியை வீடியோ விட்டுவிட்டது. சரி, ஆன்டிஆக்சிடன்ட்?

அந்த யோசனைக்கும் மரியாதையான ஒரு பிறந்தநாள் உண்டு. 1969-ல் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும், உடம்பிலேயே உருவாகும் சூப்பர்ஆக்சைடு என்ற அரிக்கும் பொருளை அடக்குகிற நொதியை அடையாளம் கண்டார்கள். 1974-ல் மெக்கார்ட், சூப்பர்ஆக்சைடு மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவத்தைச் சிதைத்து நீர்க்க வைக்கிறது, அந்த நொதியைச் சேர்த்தால் சிதையாது என்று காட்டினார். சோதனைக்குழாயில் தெளிவான விடை. வீங்கிய மூட்டில் வெள்ளணுக்கள் இந்தப் பொருளை நிறைய உமிழ்கின்றன என்பதும் உண்மை. ஆகவே ஆன்டிஆக்சிடன்ட் சாப்பிட்டால் மூட்டு பிழைக்கும் என்பது இயல்பான அடுத்த படி.

அந்தப் படிதான் வழுக்கியது. அமெரிக்காவில் 39,144 பெண்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் 600 யூனிட் வைட்டமின் ஈ, அல்லது வெற்று மாத்திரை கொடுத்து, சராசரியாகப் பத்து வருடம் பார்த்தார்கள். 2008-ல் முடிவு: முடக்குவாதம் வருவதை வைட்டமின் ஈ தடுக்கவில்லை. இதைவிட விசித்திரம் ஸ்வீடனில். ரிகார்ட் ஹோம்டால் குழு, எலிகளில் மூட்டழற்சியைக் கடுமையாக்கும் மரபணுவைத் தேடிப்போய் 2003-ல் ஒன்றைப் பிடித்தது. அந்த மரபணு இந்த அரிக்கும் பொருளை உற்பத்தி செய்யும் இயந்திரத்தின் ஒரு பாகம். எந்த எலியில் அந்தப் பொருள் குறைவாக உற்பத்தியானதோ, அந்த எலிக்குத்தான் மூட்டழற்சி அதிகம். நேர் தலைகீழ்! நோய் எதிர்ப்பு அமைப்பை அடக்கிவைக்கும் சிக்னலாகவும் அதே பொருள் வேலை செய்கிறது என்று இதற்கு விளக்கம் சொன்னார்கள். கெட்டது, நல்லது என்று பெயர் எழுதி ஒட்ட முடியாத சாமான் அது.

மஞ்சளைப் பற்றிப் பேசாமல் போனால் தமிழ் வாசகர்கள் விடமாட்டீர்கள். மஞ்சளை வைத்து முடக்குவாதத்தில் மனிதர்களிடம் நடந்த ஆரம்பகாலச் சோதனை இந்தியாவில்தான். 1980-ல் தியோதர், சேத்தி, ஸ்ரீமல் மூவரும் வெளியிட்டது. 18 நோயாளிகள். தினம் 1,200 மில்லிகிராம் குர்குமின் ஒரு பக்கம், ஃபினைல்பியூட்டசோன் என்ற அக்கால வலி மருந்து இன்னொரு பக்கம். குர்குமினால் காலை விறைப்பும் வீக்கமும் குறைந்தன. வலி மருந்து அதைவிட நன்றாக வேலை செய்தது. நேர்மையான, சின்ன ஆய்வு. ஆனால் இரண்டே வாரங்கள்தான் கொடுத்தார்கள். மூட்டு அரிப்பு நிற்கிறதா என்று பார்க்க இரண்டு வாரம் போதாது. இன்னொரு கணக்கும் உண்டு. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். 1,200 மில்லிகிராமுக்குத் தினம் 40 கிராம் தூள் வேண்டும். அப்படி ஒரு சாம்பாரை யாரும் வாயில் வைக்க முடியாது. போதாததற்கு, குர்குமின் ரத்தத்தில் எளிதில் ஏறாது. மிளகிலுள்ள பைப்பரின் சேர்த்தால் உறிஞ்சுவது 20 மடங்கு கூடுகிறது என்று 1998-ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் காட்டினார்கள். பாலில் மஞ்சளோடு மிளகு தட்டிப் போட்ட நம் பாட்டிகளை இங்கே கொஞ்சம் கும்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் இதே ஆய்வை வைத்துத்தான் இன்று மிளகுச் சத்து சேர்த்த வீரியமான கேப்சூல்கள் விற்கின்றன. அமெரிக்காவின் மருந்துவழிக் கல்லீரல் பாதிப்புக் கண்காணிப்புக் குழு மஞ்சள் கேப்சூலால் வந்த 10 கல்லீரல் பாதிப்புகளைப் பதிவு செய்திருக்கிறது. மெத்தோட்ரெக்சேட்டும் கல்லீரலைத் தொடும் மருந்து. ரசத்தில் போடும் மஞ்சள் வேறு, கேப்சூல் வேறு. கேப்சூல் எடுப்பதென்றால் மூட்டு மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும்.

உணவால் ஒன்றுமே ஆகாதா என்றால், ஆகும். ஆனால் தனித்தனிச் சத்தாகப் பிரித்துக் கொடுத்தபோது கிடைக்காத பலன், சாப்பாட்டையே மாற்றியபோது கொஞ்சம் கிடைத்திருக்கிறது. 1991-ல் ஆஸ்லோவில் 53 பேரை வைத்து நடந்த ஆய்வில், சில நாள் விரதமும் பிறகு ஒரு வருட சைவ உணவும் வலியையும் வீக்கத்தையும் குறைத்தன. 2003-ல் ஸ்வீடனின் கால்மார் நகரில் 51 பேர், மத்தியதரைக்கடல் பாணிச் சாப்பாடு. அங்கேயும் ஓரளவு முன்னேற்றம். மீன் எண்ணெய்க்குச் சான்று இன்னும் கொஞ்சம் பலமாக இருக்கிறது. அடிலெய்டில் புதிதாக முடக்குவாதம் வந்தவர்களுக்கு தினம் 5.5 கிராம் ஒமேகா-3 கொடுத்ததில், 0.4 கிராம் மட்டும் எடுத்தவர்களைவிட அவர்களுக்கு மருந்துகள் தோற்பது குறைந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டு பக்கமும் மெத்தோட்ரெக்சேட் உள்ளிட்ட மருந்துகளைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். எண்ணெய் மருந்துக்குத் துணை, மாற்று இல்லை. 5.5 கிராம் என்பது மத்தி, கானாங்கெளுத்தி சாப்பிட்டு எட்ட முடியாத அளவு. அதற்காக மத்தி வேண்டாம் என்று இல்லை.

முடக்கத்தான் கீரைக்குப் பெயரிலேயே நோய் இருக்கிறது. தோசைமாவில் அரைத்துப் போடும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. கீரை என்ற வகையில் அதைத் தாராளமாகச் சாப்பிடலாம். கீரையில் ஃபோலேட் இருக்கிறதே, மெத்தோட்ரெக்சேட்டின் வேலையைக் கெடுக்குமோ என்று பயப்படவும் வேண்டாம். மார்கன் குழு அதிகபட்சமாக வாரம் 27.5 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் வரை கொடுத்தும் பலன் குறையவில்லை. எத்தனை கட்டுக் கீரை தின்றாலும் அந்த அளவு பக்கத்தில் வராது.

நம் மருத்துவ முறைகளைச் சோதனைக்கு உட்படுத்தவே முடியாது என்று இரண்டு தரப்பும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். தமிழ்நாட்டிலேயே அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள் என்பதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும். கோயம்புத்தூர் ஆரிய வைத்திய ஃபார்மசியின் பி.ஆர். கிருஷ்ணகுமார் தரப்பு, 1977-லேயே உலக சுகாதார நிறுவனம், ஐ.சி.எம்.ஆர். ஆகியவற்றின் ஆதரவோடு முடக்குவாதத்தில் ஆயுர்வேதச் சிகிச்சையை ஆராய ஆரம்பித்தது. பிறகு கலிஃபோர்னியாவின் டேனியல் ஃபர்ஸ்ட் என்ற மூட்டு மருத்துவரோடு சேர்ந்து, அமெரிக்க அரசின் ஆராய்ச்சிப் பணத்தில், கோவையில் 43 நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஆயுர்வேதம் மட்டும், மெத்தோட்ரெக்சேட் மட்டும், இரண்டும் சேர்த்து. 36 வாரம். யாருக்கு எது என்று தெரியாதபடி, எல்லோருக்கும் இரண்டு வகையும் கொடுத்து, தேவையான இடத்தில் ஒன்றைப் போலியாக வைத்தார்கள். ஆளுக்கு ஆள் மாறும் கஷாயத்துக்குப் போலி தயாரிப்பது எவ்வளவு பாடு என்று யோசித்துப் பாருங்கள். 2011-ல் வந்த முடிவில் மூன்று குழுவும் ஏறக்குறைய சமமாக முன்னேறியிருந்தன. 43 பேர் என்பது முன்னோட்ட அளவுதான், இதை வைத்து மருந்தை நிறுத்தச் சொல்ல முடியாது. ஆய்வாளர்களே அப்படிச் சொல்லவில்லை. என் கணக்கில், 3,800 ரூபாய் பவுடர் டப்பாவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஆயுர்வேதம், அலோபதி என்ற வித்தியாசமே இல்லை. ஒருவர் அளந்து பார்த்தார், ஒருவர் பார்க்கவில்லை.

அக்கா பழைய மருத்துவரிடமே திரும்பிப் போனார். மெத்தோட்ரெக்சேட் மறுபடி தொடங்கி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்த அணுவும் கல்லீரலும் சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் பார்த்தால் இரண்டு மாத்திரையுமே சின்னதாக, மஞ்சளாக இருந்தன. இதுதான் உண்மையான அபாயம். வாரம் ஒரு முறை எடுக்க வேண்டியதைத் தினமும் எடுத்தால் சில நாட்களிலேயே வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். பிரிட்டனில் இந்தக் குழப்பத்தால் மரணங்கள் நடந்து, 2004-ல் தேசிய அளவில் எச்சரிக்கையே விட்டார்கள். மருந்து அட்டையில் பெர்மனன்ட் மார்க்கரால் கிழமையை எழுதிக் கொடுத்தேன். ஞாயிறு வேண்டாம் என்றார் அக்கா. ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பார்கள், அன்றைக்குக் குமட்டினால் வீணாகிவிடும். புதன் என்று எழுதினோம்.